காரணம்: இடதுகால் செருப்பு

“வண்டி எங்கம்மா நிக்குது?”

ஒன்பதாவது இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் முதல் கேள்வி அதுதான்.

கேட்ட வரவேற்பாளர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். ஒரு கையில் ஓனரம்மா நீட்டிய விண்ணப்பம். மறு கையில், மேஜையிலிருந்து அவசரமாக எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்ட சாப்பாட்டுப் பை. கண் மட்டும் கண்ணாடிக் கதவைத் தாண்டித் தெருவை அலசிக்கொண்டிருந்தது.

பஸ்ஸில்தான் வந்தேன் என்றாள் ஓனரம்மா. அவர் நம்பவில்லை. வாசல்வரை போய் இடமும் வலமும் பார்த்துவிட்டுத் திரும்பினார். உட்காருவதற்கு முன் நாற்காலியைக் கதவுக்கு நேரிலிருந்து சுவரோரமாக நகர்த்திக்கொண்டார்.

பிறகு கம்ப்யூட்டரைத் தட்டினார். எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான பதிவேடு அது. யார், எப்போது, எதற்காக நஷ்ட ஈடு கேட்டார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். குளித்தாலும் போகாது, முழுகினாலும் போகாது.

படித்தார். உதட்டைக் கடித்தார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டார். இருவரும் படித்தார்கள். மூன்றாவதாக ஒருவர் டீ கிளாஸோடு வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

“விபத்துக்குக் காரணம், செருப்பா?”

“இடதுகால் செருப்பு” என்று திருத்தினாள் ஓனரம்மா.

மூவரும் மேஜைக்கு மேலாகக் குனிந்து அவள் காலைப் பார்த்தார்கள்.

“என்னோடது இல்லை. எங்க வீட்டுக்காரரோடது.”

சிரித்து முடிக்க அவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதன் பிறகு மிகவும் வருத்தப்பட்டார்கள். செருப்பைக்கூட மன்னிக்கலாம், ஆனால் விண்ணப்பத்தில் பதினோராவது பெட்டி காலியாக இருக்கிறதே என்றார்கள். முந்தைய விபத்தில் வண்டியை ஓட்டியவர் பெயர். பதிவேட்டிலும் வெறும் ‘மாணவர் ஒருவர்’ என்றுதான் இருந்தது. ஓட்டியது யாரென்றே தெரியாத வண்டிக்கு யார் பாலிசி கொடுப்பார்கள்?

ஓனரம்மா விண்ணப்பத்தை நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். மணி பதினொன்று இருபது. புதன்கிழமை. வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் புது பாலிசியைப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் நாலு மணி ஒரு நிமிடத்துக்கு அவளுடைய டிரைவிங் ஸ்கூலின் உரிமம் காலி. பதினேழு வருட ஸ்கூல். ஒரு கார், ஒரு ஓட்டுக்கூரை ரூம், ஒரு கரும்பலகை, ஒரு புருஷன். இதில் புருஷனுக்கு மட்டும்தான் பாலிசி தேவைப்படவில்லை.

அந்தப் பாழாய்ப்போன சம்பவம் நடந்து ஐந்து மாதம் ஆகிறது.

அன்று காலை பதினொன்று பத்துக்கு அவர்களுடைய மஞ்சள் கார், மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில், அவசரமே இல்லாமல் நடைபாதையில் ஏறி, கண்ணாடிக் கதவைத் திறக்காமலே உள்ளே நுழைந்து, டோக்கன் மெஷினை முட்டி நின்றது. மெஷின் மரியாதையாக ஒரு டோக்கனை நீட்டியது. நாற்பத்தேழு. காரின் பின்னால் ‘தள்ளி நில்லுங்கள், கற்றுக்கொண்டிருக்கிறோம்’ என்று எழுதியிருந்தது.

கார் நுழைந்த இடம் துணிக்கடையாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அது இன்ஷூரன்ஸ் கம்பெனி. அதுவும் அந்தக் காருக்கே இன்ஷூரன்ஸ் கொடுத்திருந்த கம்பெனி. தன் கதவை உடைத்ததற்குத் தானே தனக்கு நஷ்ட ஈடு கொடுத்துக்கொள்ள வேண்டிய நிலைக்கு அது ஆளானது. கொடுத்துக்கொண்டது. அதன் பிறகு, இந்தப் பாலிசி முடிந்ததும் உங்களோடு இனி உறவில்லை என்று ஓனரம்மாவுக்கு ஒரு கடிதம் போட்டது.

நல்லவேளை, எல்லோரும் பின்கட்டில் டீ குடித்துக்கொண்டிருந்த நேரம். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. டோக்கன் மெஷினுக்கு மட்டும் லேசான சாய்வு.

காரணம் எளிமையானது. டிரைவிங் ஸ்கூல் காரில் இரண்டு பிரேக் உண்டு. மாணவர் காலடியில் ஒன்று, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரும் மாஸ்டர் காலடியில் ஒன்று. இரண்டையும் ஒரு இரும்புத் தண்டு இணைக்கும். ஒன்றை அமுக்கினால் மற்றதும் அமுங்கும். ஒன்றின் அடியில் ஏதாவது சிக்கிக்கொண்டால் இரண்டும் அமுங்காது. மாஸ்டர், அதாவது ஓனரம்மாவின் வீட்டுக்காரர், வெறுங்காலோடு உட்காருகிற ஆள். வெறுங்காலால் தொட்டால்தான் பிரேக்கின் மனசு தெரியும் என்பது அவர் கட்சி. மாணவர்களையும் அப்படியே பழக்குவார். அன்று கழற்றி ஓரமாக வைத்த அவருடைய இடதுகால் செருப்பு மெல்ல நகர்ந்து போய்ப் பிரேக்குக்கு அடியில் படுத்துக்கொண்டது.

அதை அப்படியே எழுதிக்கொடுத்தது மாஸ்டர்தான். பொய் என்றால் அவருக்கு ஆகாது. கம்பெனி அந்தச் செருப்பைச் சாட்சியாகப் பிடித்து வைத்துக்கொண்டு ரசீது கொடுத்தது. ஜோடி திரும்பி வரும் என்ற நம்பிக்கையில் மாஸ்டர் புதுச் செருப்பு வாங்கவில்லை. ஐந்து மாதமாக வலது காலில் பழுப்புத் தோல் செருப்பும் இடது காலில் குளியலறையின் நீல ரப்பர் செருப்புமாக நடமாடிக்கொண்டிருந்தார்.

இத்தனை உண்மை எழுதியவர் ஒன்றை மட்டும் எழுதவில்லை. ஓட்டிய மாணவர் யார்?

மாஸ்டர் மாணவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வகுப்பு நேரம்தான் பெயர். “ஏழு மணிக்கு ஸ்டீயரிங் பிடி இன்னும் வரலை.” “எட்டரை மணிக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுச்சாம்.” அந்த வழக்கப்படி விபத்தன்று ஓட்டியவர் பத்தரை மணி. அட்மிஷன் ரிஜிஸ்டரைப் பிரித்தால், பத்தரை மணிக்கு நேரே பெயர் இல்லை, போட்டோ இல்லை, பென்சிலில் ஒரு சின்னக் கோடு மட்டும்.

ஓனரம்மா இந்தக் கோட்டைப் பற்றி ஐந்து மாதத்தில் ஐம்பது தடவை கேட்டிருப்பாள். ஐம்பது தடவையும் மாஸ்டர் கார் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை ஸ்கூலில் ஆலோசனைக் கூட்டம். கரும்பலகையில் மாஸ்டரின் கையெழுத்தில் அவருடைய புகழ்பெற்ற பாடம்: கண்ணாடி, கழுத்து, கிளட்ச், பிரேக். எது நடந்தாலும் முதலில் கண்ணாடியைப் பார், பிறகு கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார், பிறகு கிளட்ச், கடைசியில் பிரேக். பதினேழு வருடமாக ஒவ்வொரு மாணவரும் இதைத் தூக்கத்திலும் சொல்வார்கள். கழுத்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதில்கூட மாஸ்டருக்குப் பிடிவாதம் உண்டு. எல்லோரும் இடது பக்கம் திருப்பச் சொன்னால் இவர் வலது பக்கம் திருப்பி, முகவாயால் தோளைத் தொடச் சொல்வார். உலகத்தில் வேறு எந்த டிரைவிங் ஸ்கூலிலும் கிடையாது.

பலகைக்குக் கீழே ஓனரம்மாவின் தம்பி உட்கார்ந்திருந்தான். பிழைப்புக்குச் சைக்கிள் பஞ்சர் கடை. மீதி நேரம் யோசனை சொல்வது.

“அக்கா, விபத்துன்னு எழுதினா யார்தான் பாலிசி தருவாங்க? ‘எதிர்பாராத வருகை’ன்னு எழுது.”

“கதவை உடைச்சதுக்கு என்னன்னு எழுத?”

“காற்றோட்டம்.”

அவள் முறைத்ததில் அவன் அடுத்த யோசனைக்குத் தாவினான். ஸ்கூலின் பெயரை மாற்றிவிடலாம், காருக்குப் பச்சை அடித்துவிடலாம், மாமாவுக்கு மீசை வைக்கலாம். அவள் ஒவ்வொன்றுக்கும் வேண்டாமென்று தலையை ஆட்டினாள். மீசை யோசனையின்போது மட்டும் புருஷனை ஒரு தடவை கூர்ந்து பார்த்துவிட்டு, பிறகு ஆட்டினாள்.

அந்த நேரத்தில் குடை ஏஜென்ட் வந்து சேர்ந்தார். வெயிலும் மழையும் இல்லாத நாளிலும் குடையோடு திரிகிற இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். தன் தொழிலே அதுதான் என்பார். ஒன்பது கம்பெனிகளின் முகவரியும் அவர் கொடுத்ததுதான். பத்தாவது இல்லை என்று கையை விரித்தார். விரித்த கையை மடக்குவதற்குள் வேறொன்று சொன்னார். பழைய கம்பெனிக்கே திரும்பிப் போகலாம். தலைமை அலுவலகம் வேண்டாமென்றாலும், கிளை மேனேஜர் மனசு வைத்தால் தன் பொறுப்பில் பாலிசி கொடுக்கலாம், அப்படி ஒரு விதி உண்டு. பதினோராவது பெட்டியில் மட்டும் பெயர் இருக்க வேண்டும்.

ஓனரம்மா அந்த மேனேஜரைப் பார்க்க இதுவரை ஆறு தடவை போயிருக்கிறாள். ஆறு தடவையும் அவர் லீவு. ஐந்தாவது தடவை அவர் லீவில் இருந்தபோது அவருடைய இருமல் உள்ளேயிருந்து கேட்டது.

“ஒரு விஷயம் எனக்கும் உறுத்துதும்மா,” என்றார் ஏஜென்ட் தாடையைக் குடையின்மேல் ஊன்றிக்கொண்டு. “பெயர் இல்லாத கிளெய்மை அன்னைக்கு அவங்க எப்படிப் பாஸ் பண்ணாங்க? நான் ஒரு கமா விட்டாலே திருப்பி அனுப்புற ஆளு அந்த மேனேஜர்.”

ஓனரம்மாவுக்கும் அப்போதுதான் உறுத்தியது. மாஸ்டர் எழுந்து கார் கண்ணாடியைத் துடைக்கப் போனார். அவள் விடவில்லை. துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

“சொல்லுங்க. யார் அந்தப் பத்தரை?”

“வார்த்தை குடுத்துட்டேன்.”

“எனக்கும்தான் ஒரு வார்த்தை குடுத்தீங்க, கல்யாணத்தன்னைக்கு. கண்கலங்காம வெச்சுக் காப்பாத்துறேன்னு.”

“அதையும்தானே காப்பாத்திக்கிட்டிருக்கேன். நீ எங்க கலங்குற? என்னைத்தான் கலக்குற.” மாஸ்டர் துணியை மெதுவாக விடுவித்துக்கொண்டார். “மாணவன் பண்ற தப்பு மாஸ்டரோட தப்பு. இதுக்கு மேல கேக்காத. பெட்டி காலியா இருந்தா இருக்கட்டும்.”

நாளைக்கு ஸ்கூலும் காலியாக இருக்கும் என்று அவள் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை. மதியம் இரண்டரை.

பழைய கம்பெனி இருந்த தெருவின் முனையிலேயே காவலாளி மஞ்சள் காரை மறித்தான். அந்தக் காரின் போட்டோ அவன் சட்டைப் பையில் இருந்தது. மாஸ்டரையும் தம்பியையும் காரோடு அங்கேயே விட்டுவிட்டு ஓனரம்மா மட்டும் நடந்தாள்.

அலுவலகம் ஆளே மாறியிருந்தது. வாசலில் மூன்று சிமென்ட் தூண்கள். அதற்கு முன்னால் ஆள் உயரப் பூந்தொட்டிகள். அதற்கும் முன்னால் ஒரு சங்கிலி. கோட்டைக்குள் நுழைவதுபோல் வளைந்து வளைந்து உள்ளே போனாள். டோக்கன் மெஷின் இன்னும் ஒரு பக்கம் சாய்ந்தபடியே நின்றது. தரையைப் புதிதாகப் பூசியிருந்தார்கள். பூசியவன் கைவரிசையில் தரை வாசலிலிருந்து மேனேஜர் அறைப்பக்கமாகச் சரிந்திருந்தது.

கவுன்டரில் டோக்கன் அம்மா இருந்தார். இருபத்தாறு வருட சர்வீஸ். டோக்கன் இல்லாமல் யார் வந்தாலும், அது வானத்திலிருந்து குதித்தவராக இருந்தாலும், டோக்கன் எடுத்துட்டு வாங்க என்று திருப்பி அனுப்புவதால் வந்த பெயர்.

மேனேஜர் லீவு என்று டோக்கன் அம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேனேஜரே தன் அறைக் கதவைத் திறந்துகொண்டு டீ கேட்டார்.

ஓனரம்மா அடுத்த நொடி அறைக்குள் இருந்தாள்.

மேனேஜர் ஐம்பது வயது மனிதர். படிய வாரிய தலை, சட்டைப் பையில் மூன்று பேனா. அவளைப் பார்த்ததும் நாற்காலியில் சாய்ந்து, ஒரு ஃபைலைக் கேடயம்போல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அவள் விண்ணப்பத்தை மேஜையில் வைத்தாள். பெட்டி காலி, விதி விதிதான், தன்னால் ஒன்றும் செய்வதற்கில்லை என்று அவர் ஃபைலைப் பார்த்தே பேசினார். ரொம்பவும் வருத்தம் என்று நாலு தடவை சொன்னார்.

அப்போதுதான் டீ வண்டி வந்தது.

பிளாஸ்க்கும் கிளாஸும் வைத்த சின்னத் தள்ளுவண்டி. தள்ளி வந்தவர் வாசலில் ஒரு நொடி கையை விட்டார், சட்டை மடிப்பைச் சரிசெய்ய. புதுத்தரையின் சரிவு மீதியைப் பார்த்துக்கொண்டது. வண்டி தானாகக் கிளம்பி, கிளாஸ்கள் கிணுகிணுக்க, மேனேஜரின் மேஜையை நோக்கி நிதானமாக வர ஆரம்பித்தது.

மேனேஜர் அதைப் பார்த்தார். கத்தவில்லை. எழுந்து ஓடவில்லை. கையில் இருந்த ஃபைலை வட்டமான ஒரு பொருளைப் பிடிப்பதுபோல் இறுக்கினார். கண் மேலே போயிற்று, கண்ணாடியே இல்லாத இடத்துக்கு. கழுத்து வலது பக்கம் திரும்பி முகவாய் தோளைத் தொட்டது. உதடு முணுமுணுத்தது.

“கண்ணாடி... கழுத்து... கிளட்ச்...”

பிரேக்குக்கு வருவதற்குள் வண்டி மேஜையில் மோதிவிட்டது.

ஓனரம்மா மேஜைக்கு அடியில் பார்த்தாள். குப்பைக் கூடையோரம் ஒரு ஜோடி ஷூ ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. இரண்டு வெறுங்கால்கள் தரையைத் தம்கட்டி அமுக்கிக்கொண்டிருந்தன.

டீ கொண்டுவந்தவர் வண்டியை இழுத்துக்கொண்டு வெளியே போகும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு கதவைச் சாத்தினாள். அவளுக்கு நாக்கு நுனியில் ஆயிரம் வசவு வந்து வரிசையில் நின்றது. ஆனால் அந்த மனிதர் இன்னும் காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்க முடிந்தது.

“நீங்கதான் பத்தரையா?”

மேனேஜர் ஃபைலைக் கீழே வைத்தார். வாய் திறந்தார். அதன் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. அவருக்கும் பிரேக் பிடிக்கவில்லை.

வருடத்துக்கு இரண்டாயிரம் வண்டிகளுக்குப் பாலிசி கையெழுத்துப் போடுகிற தனக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்றார். இருபது வருடமாகத் தெரிந்த மாதிரி நடித்தாகிவிட்டது. டீ நேரத்தில் எல்லோரும் வண்டியைப் பற்றிப் பேசும்போது, அவரும் மேட்டில் ஏறும்போது செகண்ட் கியர்தான் சரி என்பார். திடீரென்று கம்பெனி மேனேஜர்களுக்கெல்லாம் கார் கொடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டது. ரகசியமாக மாஸ்டரிடம் சேர்ந்தார். அன்று எல்லோரும் டீ குடிக்கிற நேரமாகப் பார்த்து, தன் அலுவலக வாசலில் வண்டியை நிறுத்தி ஒரு ஒத்திகை பார்க்க ஆசைப்பட்டார். வாசலில் நிறுத்தத்தான் நினைத்தார். வாசல் வந்தபோது அவர் கழுத்தில் இருந்தார்.

“அப்புறம்?”

அப்புறம்தான் அவருக்கே நினைக்கக் கூசுகிற பகுதி. புழுதி அடங்குவதற்குள் காரிலிருந்து இறங்கி, கவுன்டருக்குக் கீழே ஊர்ந்து, தன் அறைக்குள் போய், தலையை வாரிக்கொண்டு, மறுபடி கதவைத் திறந்து வந்து, ஆட்கள் எல்லோர் முன்னாலும் மாஸ்டரைப் பார்த்துக் கேட்டிருக்கிறார், யாரய்யா நீ, உனக்கு அறிவிருக்கிறதா என்று.

“மாஸ்டர் என்ன சொன்னார்?”

“மன்னிச்சுக்குங்க சார்ன்னாரு.” மேனேஜர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “சொல்லிட்டு, மெதுவா எங்கிட்ட வந்து, ‘வகுப்புல இன்னும் இருபது நிமிஷம் பாக்கி இருக்கு, எப்ப வேணா வாங்க’ன்னாரு.”

ஓனரம்மாவுக்குத் தன் புருஷனைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, அந்த நீல ரப்பர் செருப்பால் நாலு போடவும் தோன்றியது. இரண்டையும் ஒத்திவைத்தாள். சுவர்க்கடிகாரத்தில் மணி மூன்று.

அவள் மிரட்டவில்லை. விண்ணப்பத்தை அவர் பக்கமாகத் திருப்பி வைத்து, பதினோராவது பெட்டியில் விரலை ஊன்றினாள். இந்தப் பெட்டிக்காகத்தான் ஒன்பது கம்பெனி ஏறி இறங்கினேன் என்றாள். என் வீட்டுக்காரர் வாய் திறக்க மாட்டார், நான் திறந்தால் அவர் கொடுத்த வார்த்தை போய்விடும், அதனால் எழுதுவதென்றால் நீங்களாக எழுத வேண்டும், நாலு மணிக்கு என் ஸ்கூல் போர்டைக் கழற்றிவிடுவார்கள் என்றாள்.

மேனேஜர் மூன்று பேனாவையும் எடுத்தார். ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். மூடியைக் கழற்றினார், மூடினார், மறுபடி கழற்றினார். இதில் எழுதினால் இந்தக் காகிதம் டோக்கன் அம்மாவிடம் டைப்புக்குப் போகும். டோக்கன் அம்மா எதையும் வாய்விட்டுப் படித்துத்தான் டைப் அடிப்பார். மொத்த ஆபீஸுக்கும் தெரிந்துவிடும். இருபது வருட செகண்ட் கியர் பேச்சு சந்தி சிரிக்கும்.

கண்ணாடி, கழுத்து எல்லாம் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு எழுதினார்.

எழுதியதை எடுத்துக்கொண்டு அவரே வெளியே போனார். வெறுங்காலோடு. கவுன்டரில் வைத்தார். அலுவலகமே எழுதுவதை நிறுத்திப் பார்த்தது. தொண்டையைச் செருமினார். அன்னைக்கு அந்த வண்டியை ஓட்டியது, என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் வரவில்லை.

டோக்கன் அம்மா காகிதத்தை வாங்கவே இல்லை. டிராயரைத் திறந்து, டைப் அடித்துத் தயாராக இருந்த ஒரு பாலிசியை எடுத்து நீட்டினார். பதினோராவது பெட்டியில் மேனேஜரின் பெயர், முதலெழுத்தோடு.

“போன வாரமே அடிச்சு வெச்சுட்டேன் சார். கையெழுத்து மட்டும் பாக்கி.”

மேனேஜர் தன் பெயரையே இரண்டு தடவை படித்தார். டோக்கன் அம்மா மேலே கையைக் காட்டினார். கூரை மூலையில் கேமரா.

“நீங்க கவுன்டருக்கு அடியில ஊர்ந்து போனதை எத்தனை தடவை பார்த்திருக்கோம்னு நினைக்கிறீங்க? மனசு சரியில்லைன்னா அதைத்தான் போட்டுப் பார்ப்போம். நீங்களா சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தோம் சார். உங்களை மாட்டிவிட நாங்க யாரு?”

ஓனரம்மா நடுவில் புகுந்தாள். அந்தக் காத்திருப்பில் என் ஸ்கூல் மூழ்கியிருக்குமே என்றாள். அதனால்தான் இன்றைக்கு டீ வண்டியைச் சரியான நேரத்தில் விடச் சொன்னேன் என்றார் டோக்கன் அம்மா. வண்டி தள்ளி வந்தவர் சட்டை மடிப்பைச் சரிசெய்துகொண்டார்.

பாலிசியில் இரண்டு சிறப்பு நிபந்தனைகள் இருந்தன. மேற்படி வாகனம் இந்தக் கம்பெனியின் எந்த அலுவலகத்துக்கும் இருநூறு மீட்டருக்குள் வரக்கூடாது. பயிற்சியின்போது கழற்றும் காலணிகள் டிக்கியில் மட்டுமே வைக்கப்பட வேண்டும். மேனேஜர் படித்தார், கையெழுத்துப் போட்டார். டோக்கன் அம்மா சீல் குத்தினார். கூடவே, அட்டை கட்டி அரக்கு முத்திரை வைத்த ஒரு உறையையும் கொடுத்தார். உள்ளே இடதுகால் பழுப்புச் செருப்பு. ரசீதைத் திருப்பித் தரும்படி கேட்டார்.

ஓனரம்மா வாசலை நோக்கிப் பாய்ந்தாள். டோக்கன் அம்மாவின் குரல் முதுகில் விழுந்தது. கடைசி நாளில் காட்டுகிற பாலிசி என்றால், கையெழுத்துப் போட்ட மேனேஜரே நேரில் வந்து போக்குவரத்து அலுவலக ரிஜிஸ்டரில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அதுவும் ஒரு விதி.

மேனேஜர் ஷூவைத் தேடவில்லை. அப்படியே ஓடினார்.

சங்கிலி, தொட்டி, தூண் எல்லாம் சுற்றி வளைந்து தெருமுனைக்கு வந்தபோது மணி மூன்று இருபத்தேழு. காத்திருந்த நேரத்தில் காலடியால் தெருவை அளந்து வைத்திருந்த தம்பி, நிபந்தனையைக் கேட்டதும், இருநூற்றுப் பதிமூன்று என்று அறிவித்தான். மாஸ்டர் மேனேஜரைப் பார்த்தார். ஓனரம்மாவைப் பார்த்தார். நான் சொல்லலியே என்பதுபோல் கையை விரித்தார். அவரே சொல்லிட்டாரு, வண்டியை எடுங்க என்றாள் அவள்.

மாஸ்டர் வண்டியை எடுக்கவில்லை. செருப்புகளைக் கழற்றி டிக்கியில் வைத்தார், மாஸ்டர் பக்கத்து சீட்டில் ஏறினார், ஸ்டீயரிங் பக்கம் காட்டி மேனேஜரிடம் சொன்னார்.

“உக்காருங்க பத்தரை. இருபது நிமிஷம் பாக்கி.”

“இப்பவா?” ஓனரம்மாவின் குரல் கிறீச்சிட்டது. “நாலு மணிக்கு முடியுதுங்க. நீங்க ஓட்டினா கால் மணி நேரம்.”

“பத்தரை ஓட்டினா அரை மணி நேரம். சரியாத்தானே இருக்கு?” மாஸ்டர் பெல்ட்டை மாட்டினார். “பயந்த மாணவனைப் பயத்தோட விட்டா அது மாஸ்டர் இல்லை.”

அந்தப் பயணத்தை ஓனரம்மா சாகும்வரை மறக்கமாட்டாள். பின்சீட்டில் பாலிசியை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூட்டை ஏற்றிய சைக்கிள் அவர்களை முந்தியது. மெத்தை அடுக்கிய தள்ளுவண்டி முந்தியது. கைத்தடியோடு நடந்த ஒரு அம்மா ஜன்னலோடு ஜன்னலாகக் கூடவே வந்து, மருந்துக்கடைக்கு வழி கேட்டு, பதில் வாங்கிக்கொண்டு, அவர்களுக்கு முன்னால் போனார். இறங்கித் தள்ளினால் இதைவிட வேகம் என்று தம்பி யோசனை சொன்னான். அவன் சொன்னதிலேயே உருப்படியான யோசனை அதுதான்.

ஒரு வேகத்தடை வந்தது. மேனேஜரின் கண் மேலே போனது, கழுத்து திரும்ப ஆரம்பித்தது.

“இருங்க,” என்றார் மாஸ்டர் மெதுவாக. “அஞ்சு மாசமா யோசிச்சேன். பாவம், செருப்பு மேல பழியைப் போட்டுட்டேன். செருப்பு அங்க போறதுக்கு முன்னாடியே நீங்க பிரேக் அடிச்சிருக்கணும். நீங்க அடிக்கலை. ஏன்னா நான் சொல்லித் தந்த வரிசையில அது நாலாவது.” அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார். “வரிசையை மாத்திட்டேன். பிரேக் முதல்ல. மீதியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.”

பதினேழு வருடத்தில் மாஸ்டர் தன் பாடத்தில் ஒரு தப்பை ஒப்புக்கொண்டு ஓனரம்மா கேட்டது அதுதான் முதல் தடவை. கைக்கடிகாரத்தைப் பார்க்கக்கூட மறந்துவிட்டாள்.

மூன்று ஐம்பத்தாறுக்குப் போக்குவரத்து அலுவலகம் தெரிந்தது. வாசலில் பளபளவென்று பெரிய கண்ணாடிக் கதவு. உள்ளே கவுன்டர் குமாஸ்தா ஜன்னலை மூடக் கையை ஓங்கியவர், தன்னை நோக்கி வரும் மஞ்சள் காரைப் பார்த்தார். காரைப் பற்றி அவரும் கேள்விப்பட்டிருக்க வேண்டும். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

 மாஸ்டர் தன் காலைப் பிரேக்கிலிருந்து எடுத்து, சீட்டின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஓனரம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

“பிரேக்,” என்றார் மேனேஜர், தனக்குத்தானே.

கார் நின்றது. கண்ணை மெல்லத் திறந்து பார்த்தாள். கதவுக்கும் காருக்கும் நடுவே ஒரு மாடு படுக்கும் அளவுக்கு இடம் இருந்தது.

மூன்று ஐம்பத்தெட்டுக்கு நாலு பேரும் கவுன்டர் முன்னால் மூச்சிரைக்க நின்றார்கள். குமாஸ்தா பாலிசியைப் புரட்டினார், முத்திரையைப் பார்த்தார், ரிஜிஸ்டரைத் திறந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டார். முன்னாடி ஏதாவது கிளெய்ம் உண்டா?

ஓனரம்மா வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் அவளைத் தாண்டி முன்னால் வந்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

“உண்டு. ஓட்டினது நான்தான்.”

குமாஸ்தா கவுன்டருக்கு மேலாக எட்டிக் குனிந்து, அவருடைய காலைப் பார்த்தார்.